எர்ரரை மறைத்த மாப்பிள்ளை

பாப்பா,

நேரில் பேசினால் சண்டையாகிறது, எழுதிக் கொடு என்று சொல்லிவிட்டு நீ பெங்களூருக்கு ரயில் ஏறிவிட்டாய். சரி, எழுதுகிறேன். நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. நீயும் மஞ்சுநாத்தும் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொள்ளும்போது நான் வந்து சாட்சிக் கையெழுத்துப் போடுவேனா, மாட்டேனா? இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லலாம்தான். ஆனால் என்னிடமிருந்து ஒரு வார்த்தைப் பதில் உனக்கு எப்போது கிடைத்திருக்கிறது? நான் யோசித்த வழியையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் முடிவுக்கு வருவேன். நீயும் வெப்சைட் வேலை செய்கிறவள், நானும் அதே வேலைதான். எப்படி வந்தது என்று தெரியாத விடையை நம்பக்கூடாது என்று உனக்கே தெரியும். இது மற்றவர்கள் கண்ணில் பட்டாலும் எனக்குக் கவலையில்லை. நம் தொழிலில் இருக்கிற பிள்ளைகளுக்கு இதில் பாதியாவது உதவும்.

எல்லாரையும் சந்தேகப்படுகிறாய் என்று கத்தினாய். ஆமாம், சந்தேகப்படுகிறேன். அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவள். நீ வயிற்றில் இருந்ததால் விட்டேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்வேன். அது பாதிதான் உண்மை. ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒருத்தர் சொல்வதை எழுதிக்கொண்டே இருக்க எனக்கு உடம்பு வளையாது. உன்னைப் பெற்ற பிறகு இங்கே தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குப் போனேன். ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஆள் வராத நேரத்தில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து வெப்சைட்டைத் திறந்து, இது எப்படி ஓடுகிறது என்று நோண்ட ஆரம்பித்தேன். இன்றுவரை நோண்டிக்கொண்டுதான் இருக்கிறேன். சொல்லித்தர ஆள் இல்லை. தெரிந்த இங்கிலீஷில் இணையத்தில் கேள்வி போடுவேன். பக்கம் மொத்தமும் வெள்ளையாக வருகிறது, ஏன்? லாகின் செய்தவர் அடுத்த பக்கத்துக்குப் போனதும் வெளியே தள்ளப்படுகிறார், ஏன்? தமிழில் அடித்த பெயர் டேட்டாபேஸுக்குள் போனதும் வரிசையாகக் கேள்விக்குறியாக மாறிவிடுகிறது, ஏன்? பிஎச்பியில் வெப்சைட் எழுதுகிற எல்லாரும் என்றைக்காவது கேட்கிற கேள்விகள்தான் இவை. பதில் சொல்ல வருகிறவர்களில் பாதிப்பேர் முதலில் திட்டுவார்கள். படிக்காமல் ஏன் வருகிறாய், எர்ரர் என்ன சொல்கிறது என்று பார்த்தாயா, நீ எழுதிய கோடிங்கைக் காட்டாமல் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்போம் என்பார்கள். எனக்கு அழுகை வரும். மறுபடி போய்க் கேட்பேன்.

ஒருமுறை ஒருத்தர் மட்டும் அன்பாகப் பதில் எழுதினார். நம் விஹாரைச் சங்கத்து மண்டபத்துக்கு நான் செய்த முதல் வெப்சைட் அது. போட்டோ ஏறவில்லை என்று கேட்டிருந்தேன். கவலைப்படாதே சகோதரி, அந்த ஃபோல்டரை எல்லாருக்கும் திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். திறந்துவிட்டேன். போட்டோ ஏறியது. அதன் பின்னாலேயே வேறு யார் யாரோ ஏறி வந்தார்கள். கல்யாண மண்டபத்தின் பக்கத்தில் சீட்டாட்ட விளம்பரம் ஓட ஆரம்பித்தது. சங்கத்துச் செயலாளர் எனக்குப் போன் செய்து, “இன்னாம்மா, பஞ்சசீலம் சொல்ற எடத்துல உன் வெப்சைட்டு ரம்மி ஆடக் கூப்புடுது” என்றார். திட்டினவர்கள் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. அன்பாகப் பேசினவர்தான் என்னைக் கவிழ்த்தார். அன்றிலிருந்து இனிமையாகப் பேசுகிற ஆளை நான் ஒருமுறைக்கு இரண்டு முறை பார்ப்பேன். இப்போதெல்லாம் கேள்வி கேட்டால் மிஷினே பதில் எழுதித் தருகிறது. அது திட்டுவதே இல்லை, நல்ல கேள்வி கேட்டாய் என்று பாராட்டிவிட்டுத் தப்பான பதிலைத் தைரியமாகச் சொல்கிறது. நீ அதிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். வரிக்கு வரி படிக்காமல் ஒட்டாதே.

மஞ்சு ரொம்ப இனிமையாகப் பேசினான். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ அவனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது செருப்பை ஒழுங்காக ஓரமாக விட்டான், கறிக்குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினான். உன் அப்பாவுக்கு அங்கேயே பிடித்துவிட்டது. ரசித்துச் சாப்பிடுகிற யாரையும் அவருக்குப் பிடிக்கும், அதை நான் கணக்கில் எடுப்பதில்லை. “பூதிகோட்டையில் உங்க வீட்டுல எல்லாருக்கும் சம்மதமா தம்பி?” என்று நான் கேட்டேன். “எல்லாம் ஓகே ஆன்ட்டி, ஒண்ணும் பிராப்ளம் இல்ல” என்றான். அங்கேதான் எனக்கு உறுத்தியது. நிலம் வைத்திருக்கிற வீடு, தெலுங்கு பேசுகிற வீடு, மாமன் சித்தப்பன் என்று ஒரு தெரு முழுக்கச் சொந்தம். கேஜிஎஃப்பிலிருந்து ஒரு தமிழ்ப் பெண், அதிலும் பௌத்தக் குடும்பத்துப் பெண் வருகிறாள், ஒரு முணுமுணுப்புக் கூட இல்லையாம். நம் வேலையில் ஒண்ணும் பிராப்ளம் இல்லை என்று எவன் சொல்வான்? ஓட்டிப் பார்க்காதவன் சொல்வான்.

அதனால்தான், உன்னோடு இதே வேலை செய்கிற அவன் முன்னால் மண்டபத்து வெப்சைட்டை வைத்தேன். வெப்சைட்டுக்கு வாடகைக்கு இடம் கொடுக்கிற ஹோஸ்டிங்காரர்கள் பிஎச்பி வெர்ஷனை மாற்றியதிலிருந்து அந்தப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. நான் அந்தக் காலத்தில் டேட்டாபேஸோடு பேச எழுதிய கட்டளைகளைப் புது வெர்ஷன் தூக்கி எறிந்துவிட்டது. காரணம் எனக்கு முதல் நாளே தெரியும். வேண்டுமென்றே சரிசெய்யாமல் வைத்திருந்தேன். நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று நினைக்கிறேன், சமையலறை வாசலில் நின்று என்னை அப்படி முறைத்தாயே. ஒரு ஆளிடம் பத்து வருஷம் பழகித் தெரிந்துகொள்வதை, பிறத்தியார் எழுதிய கெட்டுப்போன கோடிங்கை அவன் கையில் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு மதியத்தில் தெரிந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம். நீ சிரித்தாலும் சிரி.

அவன் செய்ததில் நல்லதை முதலில் சொல்கிறேன். கை வைக்கும் முன்னால் பேக்கப் இருக்கிறதா என்று கேட்டான். கடைசியாக எப்போது ஓடியது, அதற்குப் பிறகு எது மாறியது என்று கேட்டான். கண்டபடி மாற்றிப் பார்க்காமல் நடந்த தப்பையெல்லாம் சர்வர் எழுதி வைக்கிற எர்ரர் லாகை நேராகத் திறந்தான். யார் இவ்வளவு மோசமாக எழுதினார்கள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்போதே பஸ் ஏற்றி அனுப்பியிருப்பேன். பழைய கட்டளைகளை எடுத்துவிட்டுப் புது வழியில் எழுதினான். பக்கம் வந்தது. அத்தோடு விடாமல் புக்கிங் ஃபார்மில் ஒரு பெயரை அடித்துப் பார்த்தான். உனக்கு நினைவிருக்கும், நம் தெருக் கோடியில் இருந்தாரே ஆங்கிலோ இந்தியர், டிக்ரூஸ் அங்கிள், அவர் மகள் கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டபோது இதே ஃபார்ம் படுத்துவிட்டது. அவர் பெயரை இங்கிலீஷில் எழுதினால் நடுவில் ஒரு ஒற்றை மேற்கோள் குறி வரும். அந்தக் குறி என் டேட்டாபேஸ் கட்டளையைப் பாதியில் வெட்டிவிட்டது. “இன்னா மேன், நாலு தலைமுறையா இந்த ஊர்ல கீறோம், உன் மிஷினுக்கு எங்க பேரு ஆவலியா?” என்று கேட்டார். அன்று அவர் பெயருக்கு மட்டும் ஒரு ஒட்டுப் போட்டு ஓட்டிவிட்டேன். அந்தக் குறி வழியாக, விஷயம் தெரிந்தவன் ஒருவன் உள்ளே நுழைந்து மொத்த டேட்டாபேஸையும் அள்ளிக்கொண்டு போகலாம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மஞ்சு யாரும் சொல்லாமலே அதை மாதிரி ஒரு பெயரை அடித்துப் பார்த்து, வருகிற எந்தப் பெயரும் கட்டளையோடு கலக்காதபடி அடைத்துவிட்டான்.

இன்னொன்றும் செய்தான், அதில்தான் நான் கொஞ்சம் இளகினேன். நம் மண்டபத்துக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கிராக்கி. நம் ஆட்கள் முகூர்த்தம் பார்ப்பதில்லை, ஊரே வாரம் முழுக்கப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை விட்டால் கல்யாணத்துக்கு ஆள் ஏது? ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே பெயரில் இரண்டு புக்கிங் வந்து விழும். நான் அவற்றைக் கையால் அழித்துக்கொண்டிருப்பேன். மஞ்சு அந்த இரட்டைப் பதிவுகளைப் பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, இத ட்ரெயின்ல உக்காந்துனு பண்றாங்களா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். டேக்கல் ஸ்டேஷன் தாண்டினால் சிக்னல் போய்விடும், பட்டனை அழுத்தினவர் ஒன்றும் நடக்காததைப் பார்த்து மறுபடி அழுத்துவார், பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்வார், ஒவ்வொன்றும் ஒரு புக்கிங். அவனும் பங்காருபேட்டையிலிருந்து அந்த ரயிலில் போனவன்தானே. ரிஃப்ரெஷ் செய்தாலும் மறுபடி ஏறாதபடி, புக்கிங் ஏறியதும் வெப்சைட்டின் வேறு பக்கத்துக்கு ஆளை அனுப்பிவிட்டான், ஒரு நாளுக்கு ஒரு பதிவுக்கு மேல் ஏறாதபடி டேட்டாபேஸிலேயே பூட்டினான். கோடிங்குக்கு அந்தப் பக்கம் ரயிலில் நின்றுகொண்டு போகிற ஒரு மனிதனைப் பார்க்கத் தெரிகிறதே இவனுக்கு என்று நினைத்தேன். தம்பி, வாங்க, போங்க என்று பேசிக்கொண்டிருந்தவள் நீ வா போ என்று பேச ஆரம்பித்தது அப்போதுதான்.

பிறகு அவன் எழுதியதை மேலிருந்து படித்துக்கொண்டே வந்தேன். புக்கிங் ஆனதும் சங்கத்துக்கு ஒரு மெயில் போகும். அந்த வரிக்கு முன்னால் ஒரு @ குறி. உனக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிஎச்பியில் ஒரு வரிக்கு முன்னால் அந்தக் குறியைப் போட்டால், அந்த வரி தப்பாகப் போனாலும் வாயைத் திறக்காது. “இது இன்னாத்துக்கு?” என்று கேட்டேன். “சும்மா வார்னிங் ஆன்ட்டி, பாக்கறவங்களுக்கு அசிங்கமா இருக்கும்னு அமுக்கிட்டேன்” என்றான். “மெயில் போச்சா?” என்று கேட்டேன். மெயில் போகவில்லை. பார்க்கிறவர்களுக்கு எர்ரரைக் காட்ட வேண்டாம், அது சரிதான், திருடனுக்குத் துப்புக் கொடுத்த மாதிரி ஆகும். ஆனால் நமக்குத் தெரிகிற இடத்தில் அது எழுதப்பட வேண்டும். இல்லையென்றால் என்ன ஆகும்? மண்டபம் கிடைத்துவிட்டது என்று ஒரு குடும்பம் பத்திரிகை அடிக்கும். சங்கத்துக்குச் செய்தியே வந்திருக்காது. பூட்டின கேட்டுக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்பார்கள். அமுக்கினவன் அங்கே நிற்கமாட்டான்.

அந்தக் குறியைப் பார்த்த கையோடுதான் நான் அவனிடம் மறுபடி கேட்டேன், உன் வீட்டுக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றான்.

“தெரியுமான்னு கேக்கல. இன்னா தெரியும்னு சொல்லு.”

“கேஜிஎஃப் பொண்ணு. தமிழ். என் கூட வேல செய்யுது.”

“அப்புறம்?”

“அதுக்கு மேல அவங்க கேக்கல ஆன்ட்டி.”

நீ அப்போது பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்கவில்லை. உனக்கும் தெரியும் என்று அதில் எனக்குத் தெரிந்துவிட்டது. பௌத்தர் என்று சொன்னால், பௌத்தராவதற்கு முன்னால் என்ன சாதி என்று அவர்கள் அடுத்த கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வந்ததும் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும், உனக்குத் தெரியும், வெற்றிலை மென்றுகொண்டிருந்த உன் அப்பாவுக்குக்கூடத் தெரியும். அதனால் பெங்களூரில் யாருக்கும் தெரியாமல் ரிஜிஸ்டர் செய்துவிட்டுப் பிறகு சொல்வதாக இரண்டு பேரும் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறீர்கள். கல்யாணம் முடிந்துவிட்டால் ஒத்துக்கொள்வார்கள் என்று நீ சொன்னாய். யார் சொன்னது? எந்த லாகில் பார்த்தாய்? நான் முடியாது என்றேன். அவன் வீட்டுக்கு முழுசாகச் சொல்லாதவரை என் கையெழுத்துக் கிடையாது என்றேன். “நீ மனுசங்களையும் ஃபார்ம் மாதிரியே பாக்கறம்மா, உள்ள இன்னா விஷம் வருதோன்னு” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தாய்.

என் பயம் என்ன என்று அன்று நான் சொல்லவில்லை, கத்திக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது சொல்கிறேன். அது ஒருநாள் தெரியத்தான் போகிறது. ஒரு திருவிழாவிலோ, ஒரு சாவு வீட்டிலோ, உன் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற அன்றோ யாராவது ஒருத்தர் கேட்பார். அந்த நேரத்தில் அந்தக் கூடத்தில் நீ தனியாக நிற்பாய். மஞ்சு நல்லவன்தான். ஆனால் எதிர்ப்பு வந்தால் வாயை அடைத்து வைக்கிற பழக்கம் அவனுக்கு இருக்கிறதே, அவன் அடைக்கப்போவது அவர்கள் வாயையா உன் வாயையா என்று அன்றைக்குத்தான் தெரியும். அதைக் கல்யாணத்துக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நான் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவனிடம் சொல்லியிருந்தேன், முதலில் நான் எழுதுகிறேன் என்று. ஒரு வேலை நாளில், ஊரெல்லாம் பெங்களூருக்குப் போகிற காலையில், எதிர்ப்பக்க ரயிலில் மஞ்சு மட்டும் வந்து இறங்கினான். தண்ணீர்கூடக் குடிக்காமல் லேப்டாப்பைத் திறந்து காட்டினான். @ குறி இல்லை. மெயில் போகாவிட்டால் லாகில் எழுதுகிறது, செயலாளர் திறக்கிற பக்கத்திலும் சிவப்பில் வருகிறது. நல்லது என்றேன். பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு, “வீட்ல சொல்லிட்டேன் ஆன்ட்டி, எல்லாத்தையும்” என்றான். அவன் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் தக்காளித் தோட்டத்துக்குப் போய்விட்டாராம், அதன் பிறகு அவனோடு பேச்சே இல்லையாம். அம்மா அழுதாளாம், அழுது முடித்துவிட்டு என் நம்பரைக் கேட்டாளாம். முகம் செத்துப்போய் இருந்தது அவனுக்கு. ஆனாலும் நான் நம்பவில்லை பாப்பா. சொல்லிவிட்டேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

மறுநாள் அவன் அம்மா கூப்பிட்டாள். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா எதுவும் இல்லை. தெலுங்கில் ஆரம்பித்தாள், கோபம் ஏறினால் கன்னடத்துக்குப் போனாள், நானும் அவள் போகிற பக்கமெல்லாம் போனேன். உங்கள் கல்யாணத்தில் ஹோமம் கிடையாதாமே, உங்கள் பெண் எங்கள் கோயிலுக்கு வருவாளா, என் கொழுந்தன்மாருக்கு நான் என்ன சொல்வேன், உன் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டதால்தான் இந்த அவசரமா, என் பிள்ளையை எங்களிடமிருந்து பிரித்துக்கொண்டு போகத் திட்டமா என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். அவசரமும் இல்லை, ஒன்றும் ஆகவும் இல்லை என்றேன். கோயிலுக்கு வருவது அவள் இஷ்டம், நான் வாக்குக் கொடுக்கமாட்டேன் என்றேன். பிறகு என் கேள்வியைக் கேட்டேன். என் பெண் உன் வீட்டுக்கு வந்தால் உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன் சமையலறைப் பாத்திரத்தில் சாப்பிடுவாளா?

“நாக்குத் தெலீதம்மா” என்றாள். தெரியவில்லையாம். தன்னால் முடியும் என்றுதான் தோன்றுகிறதாம், தன் புருஷனையும் அவன் கூடப் பிறந்தவர்களையும் பற்றித் தன்னால் எதுவும் சொல்ல முடியாதாம். நல்ல வார்த்தை சொல்லாமலே போனை வைத்துவிட்டாள்.

அன்று முழுக்க நான் அந்தப் பதிலோடே சுற்றிக்கொண்டிருந்தேன். உன் அப்பா, “இன்னா சொல்லுது சம்பந்தி?” என்று கேட்டார். “சம்பந்தின்னு இப்பவே பேர் வெக்காத, அந்தம்மாவுக்கு நம்மளப் புடிக்கல” என்றேன். “அப்பறம் ஏன் நீ கொஞ்சம் தெளிவா கீற?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். மஞ்சு எல்லாம் ஓகே என்றபோது எனக்குச் சந்தேகம் ஏறியது. அவன் அம்மா தெரியவில்லை என்றபோது அடங்கிவிட்டது. அவளும் என்னை மாதிரி எல்லாரையும் சந்தேகப்படுகிறவள். அவளோடு நான் சண்டை போடலாம், சண்டை போட்டு ஒரு இடத்துக்கு வரலாம். எதிரில் யார் நிற்கிறார்கள் என்று எனக்கு இப்போது தெரிகிறது, உனக்கும் தெரிய வேண்டும் என்றுதான் அவள் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் மழுப்பாமல் மேலே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுக் கோபம் வந்தால் வரட்டும். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டும் அவன் வேண்டும் என்று தோன்றினால், அதற்குப் பிறகு நான் குறுக்கே வரமாட்டேன்.

ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன், அம்மா என்று ஒருத்தி இருந்தால் சொல்லத்தான் செய்வாள். ஓடிக்கொண்டிருக்கிற சைட்டில் நேராகக் கை வைக்காதே, அதேபோல் சொந்தக்காரர்கள் கூடியிருக்கிற வீட்டில் வைத்துப் புருஷனோடு புதுச் சண்டையைத் தொடங்காதே. வேலையை விடாதே. வெர்ஷன் மாறும், இன்று எல்லாரும் கொண்டாடுகிற வழியை நாளைக்கு எடுத்துவிடுவார்கள், நீ படித்துக்கொண்டே இரு. உன் பாஸ்வேர்டை அவனிடம் கொடுக்காதே. அவன் மேல் சந்தேகமா என்று கேட்பாய். கொஞ்சம் சந்தேகம்தான். நம் வீட்டுச் சாவி ஒன்று உன்னிடமே இருக்கட்டும், எப்போது வந்தாய், எதற்கு வந்தாய் என்று யாரும் உன்னைக் கேட்கமாட்டோம்.

இனி உன் கேள்வி. கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பெங்களூரில் முடியாது, கோலாரில்தான். உன் ஆதாரில் இன்னும் நம் வீட்டு முகவரிதானே இருக்கிறது, அதை வைத்து நம் ஜில்லா ஆபீஸிலேயே மனுப் போடலாம். ரிஜிஸ்டர் ஆபீஸ் போர்டில் உங்கள் இரண்டு பேர் பெயரும், அப்பா பெயரும், ஊரும் நோட்டீஸாக ஒட்டப்படும். காலையில் ஒட்டினால் சாயங்காலத்துக்குள் பூதிகோட்டைக்குச் செய்தி போய்விடும். போகட்டும். ஆட்சேபணை இருக்கிறவர்கள் பட்டப்பகலில் அங்கே வந்து சொல்லட்டும். மஞ்சு அப்போது உன் பக்கத்தில் நிற்கிறானா என்று நானும் பார்த்துக்கொள்கிறேன். இதற்கு அவன் சரி என்று சொல்லிவிட்டான். இந்தத் தடவை எல்லாம் ஓகே என்று சொல்லவில்லை. அவன் அம்மாவிடமும் நானே போன் செய்து சொன்னேன். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை, கோலாரில் எந்த ஆபீஸ், எந்தப் பக்கம் கேட் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

நீ தேதியைச் சொல். நான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பேன். பேனாவை நானே எடுத்து வருகிறேன், ஆபீஸ் பேனாவையெல்லாம் நம்ப முடியாது.

உன் அம்மா